வேளாண் நூலைத் தேர்ந்து படிக்கும் முறை

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. நூலில் படித்ததை மட்டும் நம்பி உழவு செய்ய முடியாது என்பதற்கு இதை எடுத்துச் சொல்வார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் எந்த நூலை, எந்தப் பக்கத்தை, எந்த வயலுக்கு எடுத்துக் கொள்வது என்று அறிந்து படிக்கும் உழவருக்கு நூலறிவு கறிக்கும் உதவும், களஞ்சியத்துக்கும் உதவும்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களும், அங்குப் பயின்று வேளாண்மைத் துறை, ஆராய்ச்சி நிலையம், வங்கி, விதை நிறுவனம், உரக் கம்பெனி எனப் பல இடங்களில் பணிபுரியும் பட்டதாரிகளும் தொடர்ந்து நூல்கள் எழுதி வருகின்றனர். நெல், கரும்பு, தென்னை, மஞ்சள், காளான், தேனீ வளர்ப்பு, சொட்டுநீர்ப் பாசனம் என்று இன்று பல பொருள்களில் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. நூல் வாங்க ஆகும் செலவு சிறிது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு உரத்திலும் மருந்திலும் செய்யும் செலவு பெரிது. ஆகவே ஒரு வேளாண் நூலைக் கையில் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை எவை என்பது இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

நூல் உருவாகும் வழி

1868-ஆம் ஆண்டு சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்ட வேளாண்மைப் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அதுவே வளர்ந்து 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இங்குப் பணியாற்றியவர்கள் தொடக்க காலம் முதலே தங்கள் ஆராய்ச்சியை நூலாக எழுதி வந்துள்ளனர். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த கே. ராமையா, சென்னை மாகாணத்து நெல்லைப் பற்றி 1937-இல் ஒரு கையேடு எழுதினார். டி.வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி 1940-இல் எழுதினார். பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான ஜி. ரங்கசாமி இந்தியப் பயிர் நோய்களைப் பற்றி எழுதிய நூல் 1972-இல் வெளிவந்தது. இவை யாவும் ஆங்கில நூல்கள். இவற்றில் உள்ள செய்திகள் வேளாண் அலுவலர் வாய்மொழியாகவே உழவருக்கு எட்டின. இன்று உழவரே நேரில் படிக்கும் நிலை வந்துள்ளது. படிப்பவருக்குப் பொறுப்பும் கூடியுள்ளது.

நல்ல வேளாண் நூலில் காணும் ஒரு பரிந்துரை எளிதில் வந்ததன்று. ஒரு புதிய ரகமோ உர அளவோ முதலில் ஆராய்ச்சி நிலையத்தில் சில பருவங்கள் சோதிக்கப்படுகிறது. பிறகு வெவ்வேறு ஊர்களில் உள்ள நிலையங்களில் பல்லிடச் சோதனை நடக்கிறது. அதன் பின் உழவர்களின் வயல்களிலேயே அனுசரணை ஆராய்ச்சித் திடல்கள் அமைக்கப்படுகின்றன. இவற்றில் தேறியதே பரிந்துரையாக அச்சில் ஏறுகிறது. நூலில் உள்ள எண் பல வயல்களின் சராசரி என்பதை இதிலிருந்து அறியலாம். நம் வயல் அந்தச் சராசரிக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம்.

பழசாவதும் பழசாகாததும்

ஒரு நூல் முழுவதும் ஒரே நாளில் பழசாகிவிடுவதில்லை. சில பகுதிகள் ஐம்பது ஆண்டு கழித்தும் பயன்படும். சில பகுதிகள் ஐந்து ஆண்டிலேயே பயனற்றுப் போகும், தீங்கும் செய்யும்.

பூச்சியின் வாழ்க்கை முறை பழசாவதில்லை. நெல்லின் தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சி இலை நுனியருகே குவியலாக முட்டையிட்டு ரோமத்தால் மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு தண்டைத் துளைத்து உள்ளே செல்கிறது. இளம்பயிரில் நடுக்குருத்துக் காய்கிறது. கதிர் வந்த பின் வெண்கதிர் தோன்றுகிறது. அன்றும் இன்றும் இதில் மாற்றமில்லை. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளி எறிந்தால் முட்டைக் குவியல்களும் போய்விடும் என்ற பழைய அறிவுரை இன்றும் செல்லும். துத்தநாகக் குறை, இரும்புச்சத்துக் குறை முதலியவற்றின் அறிகுறிகள், மண்ணின் வடிகால் தன்மை, களைகளை இனம் காணுதல் ஆகியவையும் இவ்வாறே. பழைய நூல்களை வீசிவிட வேண்டியதில்லை.

ரகங்கள் பழசாகின்றன. ஆடுதுறை 43 வெளியானது 1998-இல். கோ 51 வெளியானது 2013-இல். அதற்கு முன் அச்சான நூலில் கோ 51 இருக்க வழியில்லை. மேலும் ஒரு ரகம் வெளியிடப்படும்போது நோய்க்கோ பூச்சிக்கோ அதற்கு இருந்த எதிர்ப்புத் திறன் காலப்போக்கில் குறையக் கூடும். “இந்நோயைத் தாங்கும்” என்று பழைய நூலில் உள்ள வரியை நம்பிப் பயிரைக் கவனிக்காமல் விடுவது தவறு.

யாவற்றிலும் விரைந்து பழசாவது பூச்சிமருந்துப் பட்டியல். பழைய நூல்களைப் படிப்போர் இதில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வேளாண்மையில் டி.டி.டி. பயன்பாடு 1989-இல் தடை செய்யப்பட்டது. ஒரு காலத்தில் எல்லா நூல்களிலும் இடம்பெற்ற பி.எச்.சி. தூள் 1997-இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பான் மருந்துக்கு 2011-இல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2018-இல் மைய அரசு பிறப்பித்த ஆணையால் மீதைல் பாரத்தியான், கார்பரில் உள்ளிட்டவை உடனே நிறுத்தப்பட்டன. போரேட் குருணை, டைகுளோர்வாஸ், பாஸ்பாமிடான், டிரையசோபாஸ் ஆகியவை அதே ஆணையின்படி 2020 இறுதியோடு நிறுத்தப்பட்டன. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாது என்று 2005-இலேயே தடுக்கப்பட்டது. அதன் 36 சதக் கரைசலையே நிறுத்துமாறு 2023-இல் ஆணை வந்தது.

இவற்றை அறியாமல் பழைய நூலைப் பார்த்து, வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துத் தெளிப்பவர் தம் உடலுக்கும் உண்போர் உடலுக்கும் கேடு தேடுகிறார். விளைபொருளில் நஞ்சு எச்சம் இருப்பது தெரிந்தால் சந்தையிலும் அது தள்ளப்படும். நூலின் மருந்துப் பக்கத்தைப் படித்தபின் அம்மருந்து இன்று அனுமதிக்கப்பட்டதா, நம் பயிருக்கு அனுமதிக்கப்பட்டதா என்பதை வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டறிந்த பிறகே வாங்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை நான்கு

நூலை வாங்கும் முன் கீழ்க்கண்ட நான்கையும் பார்த்துக்கொள்வது நல்லது.

1. ஆண்டு

நூலின் முதல் அல்லது இரண்டாம் தாளில் பதிப்பு ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். “மறு அச்சு” என்றிருந்தால் பழைய செய்தியே மீண்டும் அச்சிடப்பட்டுள்ளது என்று பொருள். “திருத்திய பதிப்பு” என்றிருந்தால் செய்திகள் புதுப்பிக்கப்பட்டுள்ளன. பல்கலைக்கழகமும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வெளியிடும் பயிர் உற்பத்தி வழிகாட்டி நூல் இவ்வாறு அவ்வப்போது திருத்தப்படுகிறது. 2012, 2020 ஆகிய ஆண்டுகளில் அதன் பதிப்புகள் வந்துள்ளன. ஆண்டே குறிப்பிடாத நூலில் ரகம், மருந்து பற்றிய பகுதிகளை நம்ப வேண்டாம்.

2. வட்டாரம்

தமிழ்நாடு ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரி டெல்டா, தெற்கு, அதிக மழைப் பகுதி, மலைப்பகுதி என்பன அவை. நூல் எந்த மண்டலத்துக்காக எழுதப்பட்டது என்பதை முன்னுரையில் பார்க்க வேண்டும். பயிர் ஒன்றே ஆனாலும் வட்டாரத்துக்கும் ரகத்துக்கும் ஏற்பப் பரிந்துரை மாறும். எடுத்துக்காட்டாக, நடவு நெல்லுக்குப் பொதுப் பரிந்துரையாகக் கூறப்படும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு, எக்டருக்குக் கிலோவில் பின்வருமாறு:

மத்திய, நீண்ட கால ரகங்கள் – 150 : 50 : 50
குறுகிய கால ரகங்கள், காவிரி டெல்டா மற்றும் கோவை வட்டாரம் – 150 : 50 : 50
குறுகிய கால ரகங்கள், பிற வட்டாரங்கள் – 120 : 40 : 40
வீரிய ஒட்டு நெல் – 175 : 60 : 60
மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்கள் – 75 : 50 : 50

வெள்ளைப் பொன்னி நட்ட ஒருவர் அவசரத்தில் முதல் வரியைப் பார்த்துவிட்டால் இரு மடங்கு தழைச்சத்து இட்டுவிடுவார். பயிர் கருகருவென்று வளர்ந்து கண்ணைக் கவரும். பிறகு பூச்சியும் நோயும் சேரும். ஒரு காற்று மழைக்குக் கதிரோடு சாய்ந்துவிடும். இங்கு நூலில் தவறில்லை. படித்த வரி மாறிவிட்டது.

மண் பரிசோதனை செய்தவர் அதன் முடிவின்படியே உரமிட வேண்டும். மேற்கண்ட எண்கள் பரிசோதனை செய்யாதவருக்கான பொதுப் பரிந்துரையே ஆகும்.

3. அளவு

நூல்கள் பெரும்பாலும் எக்டர் கணக்கில் பேசுகின்றன. நாம் ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசுகிறோம். ஒரு எக்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். எக்டர் அளவை இரண்டரையால் வகுத்தால் ஏக்கர் அளவு கிடைக்கும். இதை மறந்து எக்டர் அளவை ஏக்கருக்கு இட்டால் செலவு இரண்டரை மடங்காகும், பயிரும் கெடும்.

அடுத்து, நூல் கூறுவது சத்தின் அளவு. கடையில் கிடைப்பது உரம். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து உள்ளது. 100 கிலோ சூப்பர் பாஸ்பேட்டில் 16 கிலோ மணிச்சத்தும், 100 கிலோ மியூரியேட் ஆப் பொட்டாஷில் 60 கிலோ சாம்பல்சத்தும் உள்ளன. மேலே கண்ட 120 : 40 : 40 என்ற அளவை ஏக்கருக்கு மாற்றினால் 48 : 16 : 16 ஆகும். இதற்கு வேண்டிய உரங்கள்:

யூரியா – 104 கிலோ
சூப்பர் பாஸ்பேட் – 100 கிலோ
மியூரியேட் ஆப் பொட்டாஷ் – 27 கிலோ

சூப்பர் பாஸ்பேட்டுக்குப் பதில் டி.ஏ.பி. இடுவோர் ஏக்கருக்கு 35 கிலோ இட்டால் 16 கிலோ மணிச்சத்தோடு சுமார் 6 கிலோ தழைச்சத்தும் கிடைத்துவிடும். ஆகவே யூரியாவை 90 கிலோவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். 60 சென்ட் நிலம் வைத்திருப்பவர் ஏக்கர் அளவை 60-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

மூட்டைக் கணக்கிலும் கவனம் தேவை. முன்பு யூரியா மூட்டை 50 கிலோ. 2018 முதல் அது 45 கிலோவாக ஆக்கப்பட்டது. “ஏக்கருக்கு இரண்டு மூட்டை” என்று பழைய நூலில் இருந்தால் அது 100 கிலோவைக் குறிக்கும். இன்று இரண்டு மூட்டை என்பது 90 கிலோதான். கந்தகம் கலந்த யூரியாவோ 40 கிலோ மூட்டையில் வருகிறது. அதில் தழைச்சத்து 37 சதம். ஆகவே மூட்டையை எண்ணாமல் கிலோவை எண்ண வேண்டும்.

தெளிப்பானிலும் இதே நிலைதான். பழைய நூல்களில் “டேங்குக்கு 20 மில்லி” என்று காண்பது 10 லிட்டர் கைத் தெளிப்பானுக்கான அளவு; அதாவது லிட்டருக்கு 2 மில்லி. இன்று பலரிடம் உள்ள பேட்டரித் தெளிப்பான் 16 லிட்டர் கொள்ளும். அதில் 20 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு ஒன்றேகால் மில்லிதான் சேரும். பூச்சி சாகாது, அம்மருந்தைத் தாங்கும் சக்தியும் அதற்கு வளரும். இதற்கு மாறாக, ஒரே மருந்து வெவ்வேறு வீரியத்திலும் விற்கப்படுகிறது. இமிடாகுளோபிரிட் 17.8 சதக் கரைசலாகவும், 70 சதக் குருணையாகவும் கிடைக்கிறது. கரைசலுக்குரிய அளவைக் குருணைக்குப் பயன்படுத்தினால் நஞ்சு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். மருந்தின் பெயரோடு அதன் சதவிகிதத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். டப்பாவில் ஒட்டியுள்ள சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

4. எழுதியவரும் வெளியிட்டவரும்

வேளாண்மைப் பட்டம் பெற்றவர் எழுதியது என்பதாலேயே எல்லா நூலும் ஒரே தரத்தவை ஆகா. ஆசிரியர் எந்தப் பயிரில் பணியாற்றியவர் என்பதைப் பார்க்க வேண்டும். பூச்சியியல் வல்லுநர் எழுதிய நூலில் பூச்சிப் பகுதி சிறப்பாக இருக்கும். உரப் பகுதி வேறு நூலிலிருந்து தொகுக்கப்பட்டதாக இருக்கலாம். வணிக நிறுவனம் வெளியிட்ட நூலில் ஒரே கம்பெனியின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அது விளம்பரம் கலந்தது என்று கொள்ளலாம். அதில் உள்ள சாகுபடிக் குறிப்புகள் பயன்படும். ஆனால் பொருள் வாங்கும் முடிவை வேறு ஒரு நூலோடு ஒப்பிட்ட பின்பே எடுக்க வேண்டும்.

“ஏக்கருக்கு இத்தனை இலட்சம் இலாபம்” என்று கூறும் நூலில், அந்தக் கணக்கில் சொந்த ஆள் கூலி, நிலக் குத்தகை, வட்டி, போக்குவரத்துச் செலவு ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பார்க்கவும். எந்த ஆண்டு விலை என்பதையும் பார்க்கவும். விலையைப் போல விரைவில் பழசாவது வேறில்லை.

நிபந்தனையோடு படிக்கவும்

பரிந்துரையைப் படிப்பவர் பலர் அதனுடன் சேர்ந்த நிபந்தனையைப் படிப்பதில்லை. நிலக்கடலைக்கு எக்டருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ, ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும் என்று நூல்களில் காணலாம். இது காய் திரட்சிக்கு உதவும் நல்ல பரிந்துரை. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் ஜிப்சம் இடுவதைத் தவிர்க்கவும் என்ற வரியும் அதனுடன் உண்டு. முதல் வரியோடு நிறுத்திக்கொண்ட சுண்ணாம்பு மண்காரருக்கு ஜிப்சச் செலவும் கூலியும் வீண்.

நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடும் பரிந்துரையும் இத்தகையதே. அதை மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். மணிச்சத்து உரத்துடன் கலக்கக் கூடாது. கலந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிட்டாமல் போகும். “ஆனால்”, “தவிர”, “இருந்தால் மட்டும்” என்ற சொற்கள் வரும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

மருந்துக்கும் நிபந்தனை உண்டு. தண்டுத் துளைப்பானுக்கு ஒரு சதுர மீட்டரில் இரண்டு முட்டைக் குவியல் அல்லது பத்து சதம் நடுக்குருத்துக் காய்ந்திருந்தால்தான் மருந்து தேவை. இருபது தூர் உள்ள குத்தில் இரண்டு குருத்துக் காய்ந்திருந்தால் அது பத்து சதம். ஒரு குத்தை மட்டும் பார்க்காமல் வயலின் பல இடங்களிலும் எண்ணிப் பார்த்துச் சராசரி காண வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் தெளிப்புச் செலவு மிச்சம்.

வயலும் நூலைத் திருத்தும். நெல்லின் இலை வண்ண அட்டையை வாரம் ஒருமுறை இலையோடு ஒப்பிட்டால் மேலுரம் தேவையா என்பது தெரிந்துவிடும். வெள்ளைப் பொன்னிக்கு 3-க்குக் கீழும், பிற ரகங்களுக்கு 4-க்குக் கீழும் இறங்கினால் மட்டும் தழைச்சத்து இட்டால் போதும்.

கூடிப் படித்தலும் சோதித்துப் பார்த்தலும்

ஒருவரே எல்லா நூலையும் வாங்க வேண்டியதில்லை. ஊரில் உள்ள உழவர் மன்றம் அல்லது உழவர் ஆர்வலர் குழுவினர் பொதுவில் வாங்கி, ஊர்ப்புற நூலகத்தில் வைத்துப் படிக்கலாம். பருவம் தொடங்கு முன் ஒரு மாலை கூடி, நட இருக்கும் பயிரைப் பற்றிய பகுதியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் தம் அனுபவத்தைக் கூறலாம். ஒருவர் தவறவிட்ட நிபந்தனை இன்னொருவர் கண்ணில் படும். எழுதப் படிக்கத் தெரியாத மூத்தவர்களுக்கும் பெண்களுக்கும் இதனால் பயனுண்டு. வயலில் களை எடுப்பவரும் நாற்று நடுபவரும் பெரும்பாலும் பெண்களே. பூச்சியை முதலில் காண்பதும் அவர்களே.

புதிதாகப் படித்த ஒன்றை முழு வயலிலும் உடனே செய்ய வேண்டாம். ஐந்து சென்ட்டில் செய்து பார்க்கவும். பக்கத்திலேயே ஐந்து சென்ட்டைப் பழைய முறையில் விடவும். விதைத்த நாள், இட்ட உரம், மழை, செலவு, விளைச்சல் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறிக்கவும். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே தூற்றி எடை போட்டால் உண்மை தெரியும். நாலு பருவம் எழுதிய நோட்டு அந்த வயலுக்கென்றே எழுதிய நூல் ஆகும். அதை வேறு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஐயம் தோன்றினால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. இன்று மாவட்டங்கள்தோறும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. நூலையும் கையோடு எடுத்துச் சென்று, கோடிட்ட வரியைக் காட்டிக் கேட்டால் விளக்கம் எளிதில் கிடைக்கும்.

நூலில் உள்ளது தம் வயலில் பலிக்கவில்லை என்றால் ஆசிரியருக்கோ வெளியிட்ட நிறுவனத்துக்கோ ஒரு கடிதம் எழுதலாம். ஊர், மண், ரகம், விதைத்த பருவம், செய்த முறை, கண்ட விளைச்சல் ஆகியவற்றைத் தெளிவாக எழுதினால் போதும். அடுத்த பதிப்பு திருந்துவதற்கு அக்கடிதம் உதவும். நூல் எழுதுபவர் பல்கலைக்கழகத்தில் இருக்கலாம்; அதைச் சோதிக்கும் களம் உழவரிடமே இருக்கிறது.

எனவே உழவர் பெருமக்கள் புதிய வேளாண் நூல்களைத் தேடி வாங்கி, ஆண்டு, வட்டாரம், அளவு, வெளியிட்டோர் ஆகிய நான்கையும் பார்த்து, நிபந்தனைகளோடு படித்து, சிறு பரப்பில் சோதித்த பின் முழு வயலில் கடைப்பிடித்துப் பயன்பெறலாம்.